பத்தாக் சபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. இருக்கிறார்கள் என்றதும் “பாவம், பயந்து பயந்து வாழ்வார்கள்” என்பார்கள். சுமத்ரா தீவின் பத்தாக் மக்களுடைய சபை வரலாற்றைப் படித்தால் அந்த ‘பாவம்’ அவ்வளவு எளிதில் வாயில் வராது. அடி வாங்கிய சபைதான். அதே நேரம் தன் மலைநாட்டில் பெரும்பான்மையாகச் செல்வாக்கோடு இருக்கும் சபையும் அதுதான்.

எந்தச் சபையைச் சொல்கிறீர்கள்?

ஹுரியா கிறிஸ்தென் பத்தாக் புரோத்தெஸ்தான். ஹுரியா என்றால் சபை. நான்கு சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஹா-கா-பே-பே’ என்பது அவர்கள் வழக்கம். தலைமையகம் வடசுமத்ராவில் தாருத்துங் என்ற ஊரை ஒட்டிய பியாராஜாவில் இருக்கிறது. தாருத்துங் என்றால் பத்தாக் மொழியில் டுரியான் பழம். உறுப்பினர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். ஆசியாவின் மிகப் பெரிய புரோட்டஸ்டன்ட் சபைகளில் இதுவும் ஒன்று.

அப்படியானால் இதைச் சிறுபான்மை என்பது சரியா?

நாட்டுக் கணக்கில் சரி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தோனேசியர்களில் ஏறக்குறைய 87 சதவீதம் முஸ்லிம்கள், 7 சதவீதம் புரோட்டஸ்டன்டுகள், 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கத்தோலிக்கர்கள். அங்கே அரசு இவ்விரண்டையும் தனித்தனி மதங்களாகவே பதிகிறது. அடையாள அட்டையில் ‘கிறிஸ்தென்’ என்றிருந்தால் புரோட்டஸ்டன்ட் என்றுதான் பொருள்.

ஆனால் தோபா ஏரியைச் சுற்றியுள்ள மலைநாட்டுக்குப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். ஊருக்கு ஊர் தேவாலயக் கோபுரம், ஞாயிறு காலை மூடிய கடைகள். அங்கே முஸ்லிம்தான் சிறுபான்மை. அதே தோபாக்காரர் வேலை தேடி ஜாவா தீவின் பெக்காசிக்குக் குடிபோனால் அவர் சிறுபான்மை ஆகிறார். ஒரே ஆள், ஒரே சபை. மாறுவது பஸ் ஏறி இறங்கிய இடம்தான்.

பத்தாக் மக்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா?

இல்லை. தோபா, கரோ, சிமலுங்குன், பக்பாக், அங்கோலா, மண்டாய்லிங் என்று பல பிரிவுகள் உண்டு. தெற்கே உள்ள மண்டாய்லிங் மக்கள் ஏறத்தாழ முழுக்க முஸ்லிம்கள். அவர்களில் பலர் தங்களைப் பத்தாக் என்று சொல்வதையே விரும்புவதில்லை. அங்கோலாவில் இரு மதத்தாரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மினாங்கபாவு பகுதியிலிருந்து பத்ரி என்ற இஸ்லாமியச் சீர்திருத்த இயக்கத்தார் படையோடு வடக்கே வந்தார்கள். தெற்கில் இஸ்லாம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வடக்கே தோபாவில் அந்தப் படையெடுப்பு விட்டுப்போனது கசப்பான நினைவை மட்டும்தான். வெளியாள் என்றாலே கத்தியைத் தேடும் மனநிலைக்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வந்த மிஷனரிகள் கொல்லப்பட்டார்கள் என்பது உண்மையா?

முதலில் வந்தவர்கள் உயிரோடுதான் திரும்பினார்கள். 1824இல் பர்ட்டன், வார்டு என்ற இரண்டு ஆங்கிலேய பாப்டிஸ்டுகள் சிலிண்டுங் பள்ளத்தாக்குவரை போனார்கள். பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பத்து வருடம் கழித்து பாஸ்டன் நகரத்து மிஷன் சங்கம் அனுப்பிய மன்சன், லைமன் இருவரும்தான் 1834 ஜூன் 28 அன்று லோபு பினிங் அருகே கொல்லப்பட்டார்கள். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது கொன்றவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். பத்ரிப் படைக்குப் பிறகு வந்த முன்பின் தெரியாத இரண்டு வெளியாட்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது.

இந்தோனேசியாவை ஆண்டது டச்சுக்காரர். ஜெர்மானியர் எப்படி உள்ளே வந்தார்கள்?

வேறு ஒரு ஊரில் விரட்டப்பட்டதால். பார்மன் நகரத்திலிருந்த ரைன் மிஷன் சங்கம் முதலில் போர்னியோவில்தான் வேலை செய்தது. 1859இல் பஞ்சர்மாசினில் டச்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது அங்கிருந்த மிஷனரிகள் சிலர் கொல்லப்பட, மற்றவர்கள் தப்பி வெளியேறினார்கள். கையில் ஆட்கள் இருந்தார்கள், அனுப்ப இடம் இல்லை.

சங்கத்தின் தலைவர் ஃபாப்ரி ஆம்ஸ்டர்டாம் போயிருந்தபோது பத்தாக் மொழி நூல்கள் கண்ணில் பட்டன. அவற்றைத் தயாரித்தவர் வான் டெர் டூக் என்ற மொழியறிஞர். டச்சு வேதாகமச் சங்கத்துக்காக 1850களில் பாருஸ் என்ற கடலோர ஊரில் தங்கி மொழி கற்றவர், தோபா ஏரியை நேரில் கண்ட முதல் ஐரோப்பியர் என்று சொல்லப்படுபவர். வேதாகமச் சங்கத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டே மிஷனரிகளைக் கிண்டல் செய்த மனிதர் இவர். இவருடைய இலக்கணமும் அகராதியும் இல்லாமல் இந்தச் சபையே இல்லை என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

சபை பிறந்த நாள் எது?

1861 அக்டோபர் 7. சிபிரோக் பகுதியில் நான்கு மிஷனரிகள் கூடி வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட நாள். நால்வர் பெயர்: ஹைனே, கிளாமர், பெட்ஸ், வான் அசெல்ட். கடைசிப் பெயரைப் பத்தாக் நாக்குக்கு ஏற்றபடி ‘பான் அசெல்ட்’ ஆக்கிவிட்டால் ஹா-கா-பே-பே வந்துவிடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளையாட்டு இது. சபைக்கு அந்தப் பெயர் வைத்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச் 31 அன்று, வான் அசெல்ட் இருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். யாகோபுஸ் தம்புபோலோன், சிமோன் சிரெகார். சிரெகார் என்ற குலப்பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

நொம்மென்சன் யார்? ஏன் எல்லா இடத்திலும் அவர் படம்?

லுட்விக் இங்வர் நொம்மென்சன், 1834இல் நார்ட்ஸ்ட்ராண்ட் தீவில் பிறந்தவர். அப்போது அது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. ஏழைக் குடும்பம். சிறுவயதில் குதிரைவண்டி ஏறிக் கால் நசுங்கிப் பல மாதம் படுக்கையில் கிடந்தபோது, பிழைத்தால் மிஷனரி ஆவேன் என்று வேண்டிக்கொண்டார் என்பது சபையில் எல்லாரும் சொல்லும் கதை. 1862இல் சுமத்ராவில் இறங்கினார். முதலில் தங்கியது வான் டெர் டூக் இருந்த அதே பாருஸ். பிறகு உள்நாட்டுக்கு ஏறி சிலிண்டுங் பள்ளத்தாக்கில் குடியேறினார். அது அப்போது டச்சு ஆட்சிக்கு வெளியே இருந்த இடம்.

ஞானஸ்நானம் வாங்கியவர்கள் ஊர்ப் படையலுக்குப் பங்கு கொடுக்க மறுத்தார்கள். ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது. அப்படி வெளியேறியவர்களைச் சேர்த்து 1864இல் ஒரு சிற்றூர் கட்டினார். பெயர் ஹுத்தா தாமே, சமாதான ஊர். ஹுத்தா என்பது மூங்கில் வேலி சூழ்ந்த, ஒரே குலத்தாரின் சிற்றூர். பல குலத்தாரும் சேர்ந்து வாழும் ஹுத்தா என்பதே அன்றைக்கு யாரும் கேள்விப்படாத ஒன்று.

சியாத்தாஸ் பாரித்தா மலைத் திருவிழாவில் அவரையே பலி கொடுக்க இருந்ததாகவும், புயலும் மழையும் வந்து கூட்டம் கலைந்ததாகவும் ஒரு கதை உண்டு. அந்த மலையில் இன்று பெரிய சிலுவை நிற்கிறது. சாலிப் காசி, அதாவது அன்பின் சிலுவை என்று பெயர். சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நிற்கும்.

1878இல் புதிய ஏற்பாட்டைத் தோபா மொழியில் முடித்தார். பழைய ஏற்பாட்டை முடித்தவர் அவருடைய சக ஊழியர் யோஹான்சன். 1881இல் நொம்மென்சன் ‘எஃபோருஸ்’ ஆனார். மேற்பார்வையாளர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இன்றுவரை சபைத் தலைவருக்கு அதுதான் பட்டம். மக்கள் அவரை அழைத்ததோ ‘ஓம்பூ’ என்று. நம்முடைய தாத்தா, பாட்டன் போல. குலத்தின் மூத்தவருக்கு உரிய சொல்லை ஒரு வெள்ளைக்காரருக்குக் கொடுத்தார்கள். 1918 மே 23 அன்று சிகும்பாரில் இறந்தார், அங்கேயே அடக்கம். அப்போது சபையில் சுமார் 1,80,000 பேர்.

அறுபது வருடத்துக்குள் அவ்வளவு பேர் எப்படிச் சேர்ந்தார்கள்?

ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். பத்தாக் சமூகம் குலத்தால் கட்டப்பட்டது. தலைவர் அசைந்தால் கொடி முழுதும் அசையும். ராஜா போந்தாஸ் லும்பந்தோபிங் போன்ற தலைவர்கள் சபைக்கு வந்ததும் அவர்கள் சுற்றம் பின்னால் வந்தது. அம்மை, காலரா காலத்தில் மிஷனரிகளின் மருந்துப்பெட்டி பேசியது. இதற்கெல்லாம் மேலே பள்ளிக்கூடம்.

‘ஹமாஜுவோன்’ என்ற சொல் அந்தக் காலத்து பத்தாக் வாயில் எப்போதும் இருந்தது. முன்னேற்றம் என்று பொருள். பிள்ளை படிக்க வேண்டும், கிளார்க்காக வேண்டும், வாத்தியாராக வேண்டும். இங்கே சபையின் முதுகெலும்பு போதகர் அல்ல, குரு. ஆமாம், நம்முடைய அதே ‘குரு’தான். வாரநாளில் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிறன்று பெரியவர்களுக்குப் பிரசங்கம். திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியாரை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 1885இல் முதல்முறையாக பத்தாக் மக்கள் மூவர் போதகராக அபிஷேகம் பெற்றார்கள். ஆனால் நிர்வாகத்தின் சாவி அதற்கப்புறமும் ஐம்பது வருடம் ஜெர்மானியர் கையில்தான் இருந்தது.

மிஷனரிகள் டச்சு ஆட்சிக்கு உடந்தையாக இருந்தார்களா?

இருந்தார்கள். இதைச் சுற்றி வளைக்கத் தேவையில்லை.

பக்காராவில் இருந்த சிசிங்கமங்கராஜா XII தோபா மக்களின் பூசாரி-அரசர். 1878 தொடக்கத்தில் அவர் அச்சேப் போர்வீரர்களோடு வந்து மிஷனரிகளை விரட்டப்போகிறார் என்று சிலிண்டுங்கில் செய்தி பரவியது. நொம்மென்சனும் சக மிஷனரிகளும் அரசாங்கத்திடம் படை கேட்டார்கள். படை வந்தது. சிலிண்டுங்கைக் காத்ததோடு நிற்காமல் தோபாவுக்குள் போய் ஊர்களை எரித்தது. பக்காராவும் விழுந்தது. மிஷனரிகள் படையோடு போனார்கள், மொழிபெயர்த்தார்கள், ஊர்த் தலைவர்களிடம் பணிந்துவிடும்படி பேசினார்கள். பணிந்த ஊர் எரியாமல் தப்பியது என்பது அவர்கள் தரப்பு நியாயம். இதையெல்லாம் எதிரிகள் எழுதி வைக்கவில்லை. மிஷன் சங்கத்தின் சொந்த இதழிலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது.

சிசிங்கமங்கராஜா முப்பது வருடம் போல் போராடி 1907 ஜூன் 17 அன்று டச்சுப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1961இல் அவரை தேசிய வீரராக அரசு அறிவித்தது. இன்றைய பத்தாக் கிறிஸ்தவர் வீட்டில் நொம்மென்சன் படமும் தொங்கும், சிசிங்கமங்கராஜா படமும் தொங்கும். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள் என்பதை விருந்தாளி எடுத்துச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கே தெரியும்.

அதற்காகச் சபையார் எல்லாரும் ஆட்சிக்கு அடங்கி இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1917இல் மாநுல்லாங் என்ற மிஷன் பள்ளி மாணவர் ‘ஹத்தோப்பான் கிறிஸ்தென் பத்தாக்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஐரோப்பியத் தோட்டக் கம்பெனிகளுக்கு பத்தாக் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதை எதிர்த்தார். சிறைக்கும் போனார்.

பழைய வழக்கங்களை என்ன செய்தார்கள்?

கோண்டாங் என்ற மேளக்கச்சேரிதான் முதலில் அடிவாங்கியது. அது முன்னோர் ஆவியை அழைக்கும் என்று மிஷனரிகள் தடுத்தார்கள். அதற்குப் பதில் ஜெர்மன் தேவாலயங்களின் ட்ரம்பெட், டிராம்போன் குழுவைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று பத்தாக் சாவு வீட்டில் பித்தளை வாத்தியம் முழங்குவது அந்த வழியில் வந்தது. கோண்டாங்கும் பின்னால் திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

உலோஸ் என்ற நெய்த துணியைத் திருமணத்தில் தோளில் போர்த்துவது, விருந்தில் இறைச்சியை உறவுமுறைப்படி பங்கு பிரிப்பது, இவை தப்பிப் பிழைத்தன. உறவு அமைப்பை யாராலும் தொட முடியவில்லை. ‘தாலிஹான் நா தோலு’ என்பார்கள், மூன்று அடுப்புக்கல் என்று பொருள். பெண் கொடுத்த வீட்டார், பெண் எடுத்த வீட்டார், ஒரே குலத்துப் பங்காளிகள், இந்த மூன்று கல்லில் ஒன்று நகர்ந்தாலும் பானை கவிழும். தாய்மாமனுக்கு ‘துலாங்’ என்று பெயர். அவர் மகள் ‘பாரிபான்’. நம்மூர் முறைப்பெண்ணேதான். அத்தை மகளைக் கட்டுவது மட்டும் அங்கே கூடாது.

சபை எப்போது பத்தாக் கைக்கு வந்தது?

1940இல், கிட்டத்தட்ட ஒரே நாளில். மே 10 அன்று ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. டச்சு அரசாங்கம் தன் காலனியில் இருந்த ஜெர்மானியரை எல்லாம் உடனே பிடித்துக் காவலில் வைத்தது. மிஷனரிகளும் அதில் அடக்கம். எண்பது வருடமாக நிர்வாகம் செய்தவர்கள் திடீரென்று இல்லை. டச்சு மிஷன் ஒன்று பொறுப்பேற்றுக்கொள்ளட்டும் என்ற பேச்சு எழுந்தபோது பத்தாக் போதகர்கள் ஒப்பவில்லை. ஜூலையில் ‘சினோடே கோதாங்’, அதாவது மகாசபை கூடி காசியானுஸ் சிராய்த் என்ற போதகரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

பிடிபட்ட ஜெர்மானியரில் ஒரு பகுதியினரின் முடிவு கொடியது. 1942 ஜனவரியில் அவர்களை ஏற்றிக்கொண்டு போன ‘வான் இம்ஹோஃப்’ கப்பல் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானக் குண்டில் மூழ்கியது. டச்சு மாலுமிகள் படகில் ஏறிப் போய்விட்டார்கள். கைதிகளில் 400 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் மிஷனரிகளும் இருந்தார்கள்.

இது லூத்தரன் சபையா?

ஆம் என்றும் சொல்லலாம். பார்மன் சங்கமே லூத்தரன், சீர்திருத்தச் சபை இரண்டும் கலந்தது. லூத்தரின் சிற்றுபதேசம் தொடக்கத்திலிருந்தே பாடப்புத்தகம். ஆனால் உலக லூத்தரன் கூட்டமைப்பில் சேர வேண்டி வந்தபோது ஐரோப்பாவின் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் கையெழுத்துப் போடாமல், 1951இல் தாங்களே ஒரு விசுவாச அறிக்கை எழுதினார்கள். 1952இல் கூட்டமைப்பு அதை ஏற்றுச் சேர்த்துக்கொண்டது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையும் அதே கூட்டமைப்பில்தான் இருக்கிறது.

எத்தனை முறை உடைந்தது?

சில முறை. 1927இல் பெமாத்தாங் சியாந்தாரில் வெள்ளைக்காரர் மேலாண்மை பிடிக்காமல் ஒரு கூட்டம் பிரிந்தது. 1963இல் சிமலுங்குன் மக்கள் தங்கள் மொழிக்காகத் தனிச் சபை ஆனார்கள். 1964இல் இன்னொரு பிரிவு. கரோ மக்களின் சபை இதிலிருந்து பிரிந்தது அல்ல. அது 1890இல் டச்சு மிஷன் தொடங்கியது, தோட்ட முதலாளிகளின் பணத்தில்.

1992இல் என்ன நடந்தது? ராணுவம் சபைத் தலைவரை நியமித்ததாகச் சொல்கிறார்களே?

நடந்தது அதுதான். முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் ஒரு கிறிஸ்தவச் சபைக்கு வந்த பெரிய அடிகளில் ஒன்று, மதத்தின் பெயரால் வரவே இல்லை.

1987 முதல் எஃபோருஸ் ஆக இருந்தவர் எஸ்.ஏ.இ. நபாபான். உலக அளவில் பெயர் பெற்ற இறையியலாளர். அப்போது வடசுமத்ராவில் காகிதக்கூழ் ஆலையால் நிலமும் காடும் பறிபோகிறது என்று கிராமத்தார் போராடிக்கொண்டிருந்தார்கள். அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். நபாபான் கிராமத்தார் பக்கம் பேசினார். சபைக்குள்ளும் அவருக்கு எதிரணி இருந்தது. 1992 நவம்பர் மகாசபை அமளியில் முடிந்தது, புதுத் தலைமை தேர்வாகவில்லை. டிசம்பர் 23 அன்று மாகாணத் தலைநகர் மேடானில் இருந்த ராணுவத் தளபதி, உள்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில், எஸ்.எம். சியாஹான் என்ற போதகரைப் பொறுப்பு எஃபோருஸ் ஆக நியமித்துக் கடிதம் கொடுத்தார். அந்தத் தளபதி முஸ்லிமா கிறிஸ்தவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒரு சீருடை அதிகாரி கையெழுத்துப் போட்டு ஒரு சபைக்குத் தலைவரை வைக்கிறார், அதுதான் விஷயம்.

அடுத்த வருடம் மேடானில் கூடிய சிறப்பு மகாசபை பி.டபிள்யூ.டி. சிமாஞ்சுந்தாக்கைத் தேர்ந்தெடுத்தது. நபாபான் அணியினர் ஒப்பவில்லை. அப்புறம் ஐந்தாறு வருடம் ஒரே ஊரில் இரண்டு சபை. ஒரு பக்கம் கோயிலுக்குள், இன்னொரு பக்கம் வெளியே தார்ப்பாய்ப் பந்தலில் அல்லது யாராவது வீட்டுத் திண்ணையில். கைது, அடிதடி, பூட்டு உடைப்பு எல்லாம் நடந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று வீடுகள் பிளந்தன. 1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். அந்த ஆண்டே இரு அணியும் ஒன்றாகக் கூடி ஜே.ஆர். ஹுத்தவ்ருக்கைத் தேர்ந்தெடுத்தன. அரசாங்கத்தின் கை விலகியதும் சண்டை எவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது பாருங்கள்.

புதிதாகக் கோயில் கட்ட முடியாது என்பது உண்மையா?

முடியும். இடத்தைப் பொறுத்தது. 1969இலிருந்தே அமைச்சர்களின் கூட்டு ஆணை ஒன்று இருந்தது. 2006இல் அதைத் திருத்தி எழுதினார்கள். இப்போதைய விதி: கோயிலைப் பயன்படுத்தப்போகும் 90 பேரின் அடையாள அட்டை, அக்கம்பக்கத்தில் குறைந்தது 60 பேரின் ஒப்புதல், மத நல்லிணக்க மன்றத்தின் பரிந்துரை. விதி எல்லா மதத்துக்கும் பொது. கிறிஸ்தவப் பகுதியில் மசூதி கட்டுபவருக்கும் இதே 60 கையெழுத்து வேண்டும். ஆனால் ஜாவாவின் புறநகரில் அந்த 60 பேரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கையெழுத்துப் போட்டவரே பிறகு நெருக்கடிக்குப் பயந்து வாபஸ் வாங்கினால் திரும்ப ஆரம்பத்திலிருந்து.

பெக்காசி மாவட்டத்தில் பிலாடெல்பியா என்ற பத்தாக் சபை இதற்கு உதாரணம். 2010 தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் அவர்கள் இடத்துக்கு முத்திரை வைத்தது. சபையார் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை ஜெயித்தார்கள். முத்திரை மட்டும் எடுபடவில்லை. அப்புறம் போகோரில் இதே நிலையில் இருந்த யாஸ்மின் சபையோடு சேர்ந்து, ஜகார்த்தாவில் அதிபர் மாளிகைக்கு எதிரே தெருவில் ஞாயிறு ஆராதனை நடத்த ஆரம்பித்தார்கள். வெயிலுக்குக் குடை, உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே மாளிகையின் வெள்ளைத் தூண்கள். பல வருடம் இப்படி நடந்தது. 2010 செப்டம்பரில் அதே பெக்காசியில் இன்னொரு பத்தாக் சபையின் மூப்பர் ஆராதனைக்குப் போகும் வழியில் கத்தியால் குத்தப்பட்டார். 2013 மார்ச்சில் செத்து என்ற இடத்தில் பாதி கட்டிய கோயிலை அரசாங்கமே இயந்திரம் வைத்து இடித்தது.

மறுபக்கமும் உண்டு. கிறிஸ்துமஸ் இரவுகளில் பல ஊர்களில் கோயில் வாசலில் காவல் நிற்பவர்கள் நஹ்ததுல் உலமா என்ற முஸ்லிம் அமைப்பின் பான்சர் இளைஞர்கள். 2000 கிறிஸ்துமஸ் இரவில் கிழக்கு ஜாவாவின் மொஜோகெர்த்தோவில் கோயிலில் கிடந்த குண்டை வெளியே எடுத்துப்போன ரியாந்தோ என்ற பான்சர் இளைஞர் அது வெடித்து இறந்தார்.

பத்தாக் கிறிஸ்தவர்கள் மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். பழைய பத்தாக் சமயத்தைப் பின்பற்றும் பார்மாலிம் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய மையம் லாகுபோத்தி அருகே ஹுத்தாதிங்கி. அரசு ஏற்ற ஆறு மதங்களில் அவர்கள் மதம் இல்லை. 2005இல் மேடானில் அவர்கள் வழிபாட்டு இல்லம் கட்ட முனைந்தபோது எதிர்த்தவர்களில் அந்தத் தெருவின் பத்தாக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பின்னால் பெக்காசியில் எந்த அநியாயத்தை அனுபவித்தார்களோ அதே வேலையைத் தங்கள் மாகாணத்தில் தங்கள் ரத்த உறவுக்கே செய்தார்கள். 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இத்தகைய சமயத்தாரும் அடையாள அட்டையில் தங்கள் நம்பிக்கையைக் குறிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு பார்மாலிமும் இருந்தார்.

கடவுளை என்ன பெயரில் அழைக்கிறார்கள்?

தாய்மொழியில் ‘தெபாத்தா’. சமஸ்கிருத ‘தேவதா’ சுமத்ரா மலையேறியபோது அப்படி ஆனது. பழைய சமயத்தின் சொல்லையே மிஷனரிகள் எடுத்துக்கொண்டார்கள். சர்வேசுரன், பராபரன், தேவன் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் மாற்றி மாற்றிப் பார்த்ததை நினைத்தால், இவர்கள் ஒரே சொல்லோடு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

இந்தோனேசிய மொழியில் படிக்கும்போது ‘அல்லா’ என்பார்கள். அங்கே கிறிஸ்தவ வேதாகமத்திலும் அந்தச் சொல்தான், யாரும் முறைப்பதில்லை. உச்சரிப்பில் மட்டும் முஸ்லிம்கள் சற்றுக் கனத்தும் கிறிஸ்தவர்கள் மெலிதாகவும் சொல்வார்கள்.

ஒரே குடும்பத்தில் இரு மதம் இருந்தால் விருந்துக்கு என்ன செய்வார்கள்?

சிரெகார் குலப்பெயரைச் சொன்னேன் அல்லவா? அதில் முஸ்லிம்களும் ஏராளம், கிறிஸ்தவர்களும் ஏராளம். குலம் ஒன்று என்றால் மதம் வேறானாலும் பங்காளிதான். கல்யாணத்துக்கு அழைக்காமல் விட முடியாது. ஆனால் தோபா கல்யாணத்தின் முதன்மைப் பண்டம் சாக்சாங், பன்றி இறைச்சியை அதன் ரத்தத்திலேயே சமைப்பது. அதனால் ‘பார்சுபாங்’ என்று ஒரு ஏற்பாடு. விலக்கு உள்ளவர்கள் என்று பொருள். அவர்களுக்குத் தனி மேசை, தனிச் சமையல், தனிப் பாத்திரம். சமைப்பவரும் பெரும்பாலும் முஸ்லிமாகவே இருப்பார். மண்டபத்தில் எழுதியே வைத்திருப்பார்கள்.

தமிழோடு ஏதாவது தொடர்பு?

நேரடியாகச் சபையோடு இல்லை. ஆனால் நொம்மென்சன் முதலில் தங்கிய பாருஸ் நமக்குப் புதிய ஊர் அல்ல. கற்பூர வியாபாரத்துக்குத் தமிழ் வணிகர் போன துறைமுகம். அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல் வெட்டப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் இருக்கிறது. கரோ பத்தாக்கில் செம்பிரிங் குலத்தின் கிளைப் பெயர்களில் சோலியா, பாண்டியா என்பவை உண்டு. அவர்களில் பலர் இப்போது கிறிஸ்தவர்கள்.

ஞாயிறு ஆராதனைக்கு வெளியாள் போகலாமா?

தாராளமாக. ‘ஹோராஸ்’ என்று வாழ்த்திக் கையைக் குலுக்குவார்கள். மலைநாட்டில் ஆராதனை தோபா மொழியில்தான் இருக்கும், நகரங்களில் இந்தோனேசிய மொழியிலும் உண்டு. ‘புக்கு எந்தே’ என்ற பாட்டுப் புத்தகம் எல்லார் கையிலும் இருக்கும். நான்கு குரலில் பாடுவார்கள், ஒத்திகை பார்த்த பாடகர் குழு மட்டுமல்ல, வந்திருக்கிற சபை முழுவதும். நடுவில் ‘திங்திங்’ என்ற அறிவிப்பு வரும்: யாருக்கு யாரோடு கல்யாணம், யார் இறந்தார், போன வாரக் காணிக்கை எவ்வளவு, எல்லாம் ரூபியா விடாமல் வாசிப்பார்கள். பொறுமையாகக் கேளுங்கள். காணிக்கைப் பை ஒரு தடவைக்கு மேல் சுற்றி வரும், சில்லறை மாற்றிக்கொண்டு போங்கள்.